போர்டில் எழுதும் முன் படியை எண்ணுங்கள்

நீங்கள் கேட்டது மூன்றே வரி. ஐ.டி. வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் ஆண், பெண் எல்லோருக்குமாக ஒரு சலூன் திறக்கப் போகிறீர்கள். "எல்லோருக்கும் இடம், இயற்கைக்கும் இதம்" என்று போர்டு வைக்க ஆசை. ஆர்கானிக் கம்பெனி ஒன்று பிரான்சைஸ் தருகிறேன் என்கிறது, எடுக்கலாமா என்கிறீர்கள். கம்பெனியைப் பற்றிய கேள்விபோலத் தெரிந்தாலும் நான் அதை வேறு மாதிரிதான் படிக்கிறேன். அந்த போர்டில் எழுதுகிற இரண்டும் பொய்யாகாமல் இருக்க ஒரு சலூனில் என்னவெல்லாம் மாற வேண்டும், அதில் எது காசு கொடுத்தால் வரும், எது வராது என்பதுதானே உங்கள் சந்தேகம்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. அப்பாவும் தாத்தாவும் இதே தொழில். திருச்சியில் நாலு நாற்காலி போட்ட கடை வைத்திருக்கிறேன்; இடையில் அழகுக்கலைப் படிப்பும் படித்தேன், பையன்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். நான் டாக்டரோ வக்கீலோ இல்லை. மருந்து, சட்டம் என்று கீழே வருவது தொழிலுக்காகப் படித்துத் தெரிந்துகொண்ட அளவுதான். உங்களுக்குப் பிரச்சினை என்று வந்தால் உரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எல்லோருக்கும் இடம்" என்பதிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பேச்சு வெளிநாட்டிலிருந்து வந்தது. அங்கே கறுப்பினத்தவரின் சுருள்முடியை வெட்டத் தெரியாத சலூன்கள் ஏராளம், அதனால் அவர்கள் அதை முதலில் பேசுகிறார்கள். முடியின் வகையைக் காட்டிப் பள்ளியிலும் வேலையிடத்திலும் ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா 2019இல் தனிச் சட்டமே போட்டது. நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் சாதி. அதைப் பேசாமல், பாலினச் சிறுபான்மையினரையும் வரவேற்கிறோம் என்று காட்டும் வானவில் ஸ்டிக்கரை மட்டும் கண்ணாடியில் ஒட்டினால் எங்கள் தொழிலில் இருப்பவன் எவனும் உள்ளுக்குள் சிரிப்பான்.

அப்பா மணப்பாறைப் பக்கம் ஒரு ஊரில் தொழில் செய்தார். வருடத்துக்கு இரண்டு முறை களத்தில் நெல் அளப்பார்கள், அதுதான் கூலி. நல்லது, கெட்டது எதற்கும் நாங்கள் போய் நிற்க வேண்டும். அந்த ஊர்ச் சேரியில் இருந்தவர்கள் முடி வெட்ட ஏழெட்டு மைல் நடந்து டவுனுக்குப் போவார்கள். அப்பா வெட்ட மாட்டார். ஒரு தடவை ஒரு பையன் வந்து வாசலில் நின்றபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெட்டினால் மறுநாளே ஊர்க்கூட்டம் போட்டுக் களத்து நெல்லை நிறுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயம் நிஜம். வாசலில் நின்ற பையனின் அவமானமும் அதே அளவு நிஜம். எங்களைத் திண்ணையில்கூட உட்காரவிடாதவர்களுக்காக நாங்கள் இன்னொருவரை விரட்டினோம் என்பதை இன்றைக்கு என் பையனிடம் விளக்கும்போது எனக்கு வாய் குழறுகிறது.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். தலித் இளைஞர்களுக்கு முடி வெட்ட மறுத்துக் கைதானவர்கள் பற்றிய செய்தி தமிழ்நாட்டில் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. தீண்டாமையை ஒழித்தது அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு. சாதி, மதம் போன்றவற்றைக் காட்டிக் கடைகளுக்குள் நுழைய யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதன்மேல் விவாதம் வந்தபோது, கடை என்ற சொல்லை அம்பேத்கர் மிக விரிவாக விளக்கினார்: தேடி வருகிற யாருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் தயாராக இருக்கும் இடம் எதுவோ அது கடை. எங்கள் நாற்காலியும் அதில் அடக்கம். தீண்டாமை காரணமாகச் சேவை தர மறுப்பது 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் குற்றம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைவிடக் கடுமையானது. ஊர் மிரட்டியது என்பது சலூன்காரருக்குத் தப்பிக்கும் வழி ஆகாது. மிரட்டினவர்களும் உள்ளே போக வேண்டியவர்கள் என்பது என் கருத்து, ஆனால் பெரும்பாலும் வெட்டாதவன் மட்டும்தான் மாட்டுகிறான்.

திண்டுக்கல் டவுனில் உங்கள் கடைக்கு வருகிறவரை யாரும் என்ன சாதி என்று கேட்கப் போவதில்லை, உண்மைதான். ஆனால் அது வேறு உருவத்தில் வரும். டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த மாதிரி சலூனில் தனித் துண்டு, தனிச் சீப்பு இருந்த ஊர்கள் உண்டு. "எனக்குப் புது ஷீட் போடு, முன்னாடி யாரு உட்கார்ந்தா?" என்று கேட்கிறவர் சுத்தத்துக்காகக் கேட்கிறாரா, வேறு எதற்காகவோ கேட்கிறாரா என்பது கேட்கிற தொனியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே விதி, எல்லோருக்கும் துவைத்த துண்டு என்று வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

இன்னொன்று, சொன்னால் வருத்தப்படாதீர்கள். இப்போது பணம் போட்டு ஏசி சலூன் திறப்பவர்களில் பாதிப்பேர் இந்தத் தொழிலைப் பரம்பரையாகச் செய்தவர்கள் இல்லை. எந்தச் சாதிக்காரரும் முதலாளி ஆகலாம் என்பது நல்ல மாற்றம். ஆனால் உள்ளே கத்தரி பிடிப்பவர்கள் மட்டும் பழைய ஆட்களின் பிள்ளைகளும் வடகிழக்கிலிருந்து வந்த பிள்ளைகளுமாக இருப்பார்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பார்கள், கமிஷனை நம்பி. அவர்கள் உட்கார உங்கள் கடையில் ஸ்டூல் இருக்குமா? வேலைக்கு வரும் பெண்களுக்குக் கழிவறை இருக்குமா? "எல்லோருக்கும்" என்று எழுதும்போது பெரும்பாலான முதலாளிகள் வாடிக்கையாளரை மட்டும்தான் நினைக்கிறார்கள்.

அடுத்தது ஆண், பெண் கணக்கு. என் கடையில் விலைப்பட்டியலில் ஜென்ட்ஸ், லேடீஸ் என்று இருந்ததை எடுத்துவிட்டு ஆறு வருடம் ஆகிறது. முடியின் நீளத்துக்கும் ஆகிற நேரத்துக்கும்தான் விலை. காதுக்கு மேல், தோள் வரை, தோளுக்குக் கீழ் என்று மூன்று வரி, அவ்வளவுதான். முதல் மாதம் கொஞ்சம் சண்டை வந்தது. தோள் வரை முடி வளர்த்த காலேஜ் பையன்கள்தான் முணுமுணுத்தார்கள். இந்த மாற்றத்தால் நான் எதிர்பாராத ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு திருநம்பி சொன்னார்: பார்லரில் கிராப் வெட்டக் கேட்டால் "வீட்டுல கேட்டியாம்மா" என்பார்கள், ஆண்கள் சலூனில் நுழைந்தால் கடையே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கும். திருநங்கைகளுக்கு இதே கதை தலைகீழாக. பொதுமக்களுக்கான எந்தச் சேவையிலும் இவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வேண்டியது எளிமையானது: வந்தவரிடம் என்ன பெயர், எப்படி வேண்டும் என்று மட்டும் கேட்பது. வெட்டி முடிக்கும்வரை வேறு கேள்வி கிடையாது. இதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கலாம், பையன்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே ஹால் என்று வைத்தால் எல்லோரையும் சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடாது. என் கடைக்கு வரும் முஸ்லிம் பெண்கள் திரைக்குப் பின்னால், பெண் ஊழியர் மட்டும் இருந்தால்தான் முக்காடு எடுப்பார்கள். அதற்காக ஓர் ஓரத்தில் கதவு போட்ட சின்ன அறை வைத்தேன். பிறகு பார்த்தால் கீமோ சிகிச்சையில் முடி கொட்டி மொட்டை அடிக்க வந்தவர்கள், பிரசவத்துக்குப் பின் கொத்தாக முடி கொட்டுகிறதென்று கண்ணீரோடு வந்தவர்கள் எல்லோரும் அந்த அறையைத்தான் கேட்டார்கள். எட்டுக்கு ஆறு அடி போதும். கடை வரைபடம் போடும்போதே இடம் விடுங்கள்.

படிக்கட்டு விஷயத்தில்தான் பெரும்பாலான கடைகள் தோற்கின்றன, என் கடையும் சேர்த்து. சாக்கடைக்கும் மழைத் தண்ணீருக்கும் பயந்து நம் கடைகளைத் தெருவைவிட உயர்த்திக் கட்டுவார்கள். மூன்று படி, சுமார் 45 சென்டிமீட்டர். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இருக்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதல். 45 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் சாய்தளமே 5.4 மீட்டர் நீளம் வருகிறது. பல கடைகளின் ஆழமே அவ்வளவு இருக்காது. அதனால் செங்குத்தாக ஒரு சறுக்குமரம் கட்டி வைத்து "ராம்ப் இருக்கு" என்பார்கள். அதில் தள்ளுகிறவரும் விழுவார், உட்கார்ந்திருப்பவரும் விழுவார். இதற்கு ஒரே நல்ல வழி, கடை பார்க்கும்போதே படியை எண்ணுவது. தரையோடு தரையாக, அதிகம் போனால் ஒரு படி உள்ள இடமாகப் பாருங்கள். கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். ஒரு கண்ணாடிக்கு முன்னால் மட்டும் நாற்காலியைத் தரையில் போல்ட் போட்டு இறுக்காமல் நகர்த்துகிற மாதிரி வையுங்கள். வருகிறவர் தன் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்து வெட்டிக்கொள்ளலாம். என் கடை வாடகைக் கட்டடம், மூன்று படி. எத்தனையோ முறை வாசலில் வைத்து வெட்டியிருக்கிறேன். தெருவே வேடிக்கை பார்க்கும்போது ஒருவர் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருப்பது மரியாதையான காரியம் இல்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றி ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்கு மெஷின் சத்தமும், கழுத்தில் தண்ணீர் தெளிப்பதும், முடித்துணுக்கு குத்துவதும் நமக்குத் தோன்றுவதைவிடப் பல மடங்கு வேதனை. நாலு பேர் பிடித்துக்கொள்ள அழ அழ வெட்டுவதை நான் இளவயதில் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முதல் நாள் சும்மா வந்து நாற்காலியில் சுற்றிவிட்டுப் போகட்டும். அடுத்த நாள் அணைத்து வைத்த மெஷினைக் கையில் கொடுங்கள். மூன்றாவது நாளில் கத்தரியால் மட்டும், அம்மா மடியில் வைத்து, பாதித் தலை வெட்டினால் போதும், மீதி அடுத்த முறை. எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு முடி வெட்ட யாரும் வர மாட்டார்கள். காலை இரண்டு மணி நேரம் டிவியை அணைத்துவிட்டு இந்தப் பிள்ளைகளுக்காகக் கடையைத் திறக்கிறேன். படுக்கையில் இருக்கும் முதியவர்கள் வீட்டுக்குப் போய் வெட்டுவதும் அன்றுதான். என் கடையில் சத்தமில்லாமல் வளர்ந்த வியாபாரம் இது.

இனி இயற்கை. இதில் முதலில் பழைய பெருமை ஒன்றை ஒதுக்கிவிடுகிறேன். என் தாத்தாவின் அடப்பத்தில், அதாவது தொழில் சாமான் பையில், கத்தி, சாணைக்கல், படிகாரம், ஒரு பித்தளைக் கிண்ணம், அவ்வளவுதான். கரண்ட் இல்லை, பிளாஸ்டிக் இல்லை, ஒரு கிண்ணம் தண்ணீரில் முழுத் தலைக்கு வேலை முடியும். மரத்தடியில் விழுந்த முடி அங்கேயே மண்ணாகும். இதைவிடப் பசுமையான சலூன் உலகத்தில் எங்கும் இல்லை. அதே மரத்தடிக்குத்தான் ஊரில் பாதிப்பேர் வர முடியாது. அந்தக் கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்த கன்னத்தில் வைப்பார்கள் என்பதும் உண்மை. ஆகவே "பாரம்பரிய முறை" என்று பிரான்சைஸ்காரர் சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

பிளேடு விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். ஆளுக்கு ஒரு புது பிளேடு. நாங்கள் ஒன்றை நெடுக்கில் பாதியாக உடைத்துக் கத்தியில் செருகுவோம். ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய்க் கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருந்து தொற்றக்கூடியது. இந்த இடத்தில் மறுபயன்பாடு, சிக்கனம் என்று யாராவது பேசினால் வெளியே அனுப்பிவிடுங்கள். பயன்படுத்திய பிளேடை முடியோடு கூட்டிக் குப்பையில் போடுவதுதான் நம் ஊரில் நடக்கிற பெரிய அநியாயம். அந்த மூட்டையைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். ஒரு பழைய பெயிண்ட் டப்பாவின் மூடியில் கோடு மாதிரி வெட்டி, பிளேடுகளை அதில் போட்டு, நிறைந்ததும் டேப் ஒட்டி, "பிளேடு" என்று பெரிதாக எழுதித் தனியாகக் கொடுங்கள். செலவு சுழியம். இதைச் செய்யாமல் மூங்கில் சீப்பு வாங்குவதில் அர்த்தமில்லை.

அடுத்த நிச்சயம், முடி நேராக்கும் கெரட்டின், ஸ்மூத்தனிங் வகையறா. இவற்றில் பலவற்றில் வேலை செய்வது ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. பாட்டிலில் "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று எழுதியிருந்தும், 2010இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சோதித்தபோது உள்ளே கணிசமாக இருந்தது தெரிய வந்தது. சூட்சுமம் இதுதான்: மெத்திலீன் கிளைகால் என்ற பெயரில் இருக்கும், சூடான அயர்ன் பட்டதும் ஆவியாக வெளியேறும். கண் எரிந்து மூக்கில் நீர் வடிந்தால் அதுதான். வாடிக்கையாளர் வருடத்துக்கு இரண்டு முறை சுவாசிக்கிறார், உங்கள் ஊழியர் தினமும் சுவாசிக்கிறார். இதற்கு மாற்று என்று வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் சுத்தமானதல்ல. அந்த கிரீம் போட்ட ஒவ்வொரு முறையும் ஓர் இளம்பெண்ணின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. நான் இந்த வேலையையே நிறுத்திவிட்டேன். மாத வருமானத்தில் நல்ல அடி விழுந்தது என்பதையும் மறைக்கவில்லை. சுருட்டை முடியைச் சுருட்டையாகவே வெட்டவும் பராமரிக்கவும் கற்றுக்கொண்டதில் அந்த இழப்பில் கொஞ்சம் திரும்பி வந்தது.

டை. கறுப்பு டை என்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவற்றில் பாராஃபினைலீன்டையமின் இருக்கிறது, சுருக்கமாக பிபிடி. "ஹெர்பல்", "ஹென்னா பேஸ்ட்" என்று இலைப் படம் போட்ட பாக்கெட்டிலும் பின்பக்கம் பொடி எழுத்தில் இதே பெயரைப் பார்க்கலாம். மருதாணி தனியாகப் பத்து நிமிடத்தில் கருகருவென்று ஆகாது. அது செம்பட்டை நிறம்தான் தரும். அதன்மேல் அவுரிப் பொடி போட்டால்தான் கருமை வரும். இரண்டு கட்டமாக, இரண்டு மூன்று மணி நேர வேலை. நம் திண்டிவனம் பக்கம் விளைகிற அதே அவுரிதான். இதைப் பொறுமையாகச் செய்து தரும் சலூன் என்று பேர் வாங்கினால் நிச்சயம் ஆள் வரும், நரை மறைப்பதில் மட்டும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பிபிடி போடுவதானால் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகுதான். ஒரு தடவை ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த தடவை முகமே வீங்கலாம். "அமோனியா இல்லாதது" என்பதற்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். அமோனியாவுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் வேறு காரம் போட்டிருப்பார்கள், வாடை வராது, அவ்வளவுதான். பிளீச் பவுடரில் உள்ள பர்சல்பேட் பறந்து மூச்சில் போனால் வேலை செய்பவருக்கு ஆஸ்துமா வரக்கூடும் என்பதும் நிரூபணமானது. கையுறை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் வாங்குங்கள். வெறுங்கையோடு இருபது வருடம் டை கலந்த என் விரல்கள் இப்போது ஷாம்பு பட்டாலே வெடிக்கின்றன.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி வருவதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டையும் ஸ்ட்ரெயிட்டனிங்கும் வாடிக்கையாளருக்குப் புற்றுநோய் தருமா என்று உங்களிடம் நிச்சயம் கேட்பார்கள். சலூன் தொழிலாளியாக வேலை செய்வதைப் "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற பட்டியலில் மேலே சொன்ன புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. சொந்தத்துக்கு டை போட்டுக்கொள்பவரைப் பற்றி முடிவு சொல்லச் சான்று போதாது என்றது. 2022இல் அமெரிக்காவில் 33,497 பெண்களை வைத்து வந்த ஆய்வில், ஸ்ட்ரெயிட்டனர் தொடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், வருடத்தில் நாலு தடவைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணித்தார்கள். இரண்டும் சேர்ந்து வருகின்றன என்றுதான் இது காட்டுகிறது. இதனால்தான் அது வந்தது என்று அறுதியிட இது போதாது. பயமுறுத்தவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்யவும் வேண்டாம்.

வெட்டிய முடியை என்ன செய்வது என்பதில்தான் கட்டுக்கதை அதிகம். திருப்பதி முடி ஏலத்தில் போகிறதே, நம் முடியும் போகாதா என்று கேட்பார்கள். அது நீள முடி. சீப்பில் வருகிற முடிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கூட ஆண்கள் சலூனின் துணுக்கைத் தொட மாட்டார். ஓர் அடி நீளத்துக்கு மேல் வெட்டிக் கொடுப்பவரிடம் கேட்டு, புற்றுநோயாளிகளுக்கு விக் செய்பவர்களிடம் சேர்க்கலாம். கடலில் கொட்டிய எண்ணெயை முடி உறிஞ்சும் என்பது உண்மை. 1989இல் அலாஸ்காவில் எண்ணெய்க் கப்பல் விபத்தானபோது நீர்நாயின் ரோமத்தில் எண்ணெய் ஒட்டியதை டிவியில் பார்த்த அலபாமா சலூன்காரர் ஒருவர் கண்டுபிடித்த யோசனை அது. எங்கள் ஆள் ஒருவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 2020இல் மொரீஷியஸ் கடலில் எண்ணெய் கசிந்தபோது மக்கள் தங்கள் முடியை வெட்டிக் கொடுத்தே எண்ணெயைத் தடுக்கும் மிதவை செய்தார்கள். ஆனால் 2010 மெக்சிகோ வளைகுடாக் கசிவின்போது மூட்டை மூட்டையாக முடி சேர்த்தும், அது தண்ணீரைக் குடித்து மூழ்கும் என்று சொல்லி அதிகாரிகள் வாங்க மறுத்துவிட்டார்கள். திண்டுக்கல்லில் முடி மூட்டை கட்டிக் கடலுக்கு அனுப்பப் போகிறேன் என்று போர்டில் போடாதீர்கள்.

உங்கள் ஊருக்குப் பொருந்துவது வேறு. சிறுமலை, கொடைக்கானல் அடிவாரத்து விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை பெரிது. வயல் ஓரத்தில் சலூன் முடியைத் தூவினால் மோப்பம் பிடிக்கும் பன்றியின் மூக்கில் ஏறி எரிச்சலாகித் திரும்பிவிடும் என்று பல மாவட்டங்களில் செய்கிறார்கள். என்னிடமும் ஒருவர் வாரம் ஒரு சாக்கு வாங்கிப் போகிறார். பலன் இருக்கிறது என்பார், மழை பெய்தால் மறுபடி போட வேண்டும் என்பார், பக்கத்துத் தோட்டக்காரர் பன்றி பழகிவிட்டது என்பார். எருவாகவும் போடலாம், முடியில் தழைச்சத்து எடையில் சுமார் பதினைந்து சதவீதம், ஆனால் மட்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். தென்னைக்கோ வாழைக்கோ குழியில் போடலாம், கீரைக்கு உதவாது. கொடுக்கும் முன் பிளேடு, பஞ்சு, டை போட்ட முடி மூன்றையும் பிரித்தாக வேண்டும். கண்ட இடத்தில் எரிக்காதீர்கள், கந்தக வாடை தெருவையே தூக்கும்.

ஷீட் பற்றிச் சுருக்கமாக. 2020 ஜூனில் ஆதார் எண் எழுதிக்கொண்டு முடி வெட்டச் சொன்ன நாட்களில் ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் ஷீட் எல்லா ஊரிலும் புகுந்தது, பிறகு போகவே இல்லை. துணி மாதிரி இருக்கும், ஆனால் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடையான நான்வோவன் பையும் இதே சரக்குதான். துவைக்கிற ஷீட்டும், கழுத்தோரம் ஒரு காகிதப் பட்டையோ துவைத்த துண்டோ போதும். கரண்டில் முக்கியமானது ஏசி: ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும், டிரையர் பத்து நிமிடத்துக்கு 0.3 யூனிட்தான். தண்ணீருக்கு, குழாயைத் திறந்துவிட்டு அலசாமல் கைப்பிடியில் நிறுத்தும் ஷவர் வாங்குங்கள், வேறு எதுவும் தேவையில்லை.

இப்போது பிரான்சைஸ். மேலே சொன்னவற்றில் அந்தக் கம்பெனியிடமிருந்து வாங்க வேண்டியது எது என்று எண்ணிப் பாருங்கள். பிளேடு டப்பா, விலைப்பட்டியல், கதவு போட்ட சின்ன அறை, செவ்வாய்க்கிழமை, துவைத்த துண்டு, எதுவும் அவர்களிடம் இல்லை. அவர்கள் விற்பது ஷாம்புவும் சுவருக்குப் பச்சை பெயிண்டும். அந்தத் தொகையை வைத்துத் தரைமட்டத்தில் ஒரு கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். இல்லை, பெயர் இருந்தால்தான் ஆள் வரும் என்று நினைத்தால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் டையிலும் கெரட்டினிலும் உள்ள ஒவ்வொரு பொருளின் பட்டியலையும் எழுத்தில் தருவீர்களா, எனக்கு வேண்டாதவற்றை விற்காமல் இருக்க விடுவீர்களா. கெரட்டின் பாக்கேஜில் மாதம் இத்தனை விற்றாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். கடை பார்க்க வரும்போது திருச்சி வழியாக வந்தால், செவ்வாய்க்கிழமையாக வாருங்கள். காலையில் சத்தம் போடாமல் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம்.